மூட்டையின் இலாபமும் கிணற்றின் நட்டமும்

ஆண்டு முடிந்ததும் கணக்கு முடிப்பது வணிகர் வழக்கம். பசளையும் விதையும் பூச்சிமருந்தும் விற்கும் பெருநிறுவனங்களும் அவ்வாறே ஆண்டுதோறும் தம் கணக்கை முடித்து, வழவழப்பான தாளில் அறிக்கை வெளியிடுகின்றன. அட்டைப்படத்திலே தலைப்பாகை கட்டிய கமக்காரன் ஒருவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பயிர். உள்ளே புரட்டினால் விற்பனை இத்தனை வீதம் வளர்ந்தது, இலாபம் இத்தனை வீதம் உயர்ந்தது, பங்குதாரருக்கு இவ்வளவு பகிரப்பட்டது என்று எண்கள் அணிவகுத்து வரும். அண்மைக் காலமாக இவற்றோடு இன்னோர் அத்தியாயமும் சேர்ந்திருக்கிறது. 'நிலைபேறான பயிர்ப் பொருள்கள்' என்பது அதன் தலைப்பு. மண்ணைக் காக்கும் பசளை, நீரைக் காக்கும் மருந்து, புவியையே காக்கும் நிறுவனம்!

நன்று. அட்டைப்படத்துக் கமக்காரனின் வரவுசெலவு அந்த அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அவன் தோட்டத்துக் கிணற்றின் கணக்கை எந்தக் கணக்காய்வாளர் பரிசோதித்துக் கையொப்பமிட்டார்? இந்த இரண்டு கேள்விகளையும் யாழ்ப்பாணத்து மண்ணில் நின்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. இத்தீபகற்பத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்று பெயர் தாங்குகிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து தீர்ந்துவிடும். அந்த மழைநீர் மண்ணினூடு இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. புத்தூர் நிலாவரையில் நாம் எட்டிப் பார்ப்பதும், கீரிமலைக் கேணியில் கடலோரத்தே ஊறி வருவதும் இந்த நீர்தான். குடிப்பதற்கும் குளிப்பதற்கும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பதற்கும் இந்த ஒரே நீர். மேலே இடுவது கீழே இறங்கும். கீழே இறங்கியது மறுபடி நம் செம்பிலே ஏறும். வேறோர் ஊரில் ஆறு அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்க்கும் அழுக்கை இங்கே நாமே குடித்தாக வேண்டும்.

முன்னோர் இந்த மண்ணின் பசியை அறிந்திருந்தனர். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் கட்டினர், பூவரசங்குழை தாட்டனர், கூரையிலிருந்து பிரித்த பழைய பனையோலையைத் தோட்டத்தில் புதைத்தனர். ஆயினும் அந்தக் காலத்தைப் பொற்காலமென்று பாடுவோரோடு நாம் சேரமாட்டோம். துலா மிதித்தவன் யார்? விடியுமுன் பட்டை பிடித்து இறைத்தவன் யார்? பெரும்பாலும் நிலமற்றவன், சாதியின் பெயரால் ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டவன். தான் இறைத்த கிணற்றில் தன் குடத்தை இறக்க முடியாதவனின் முதுகிலேதான் அந்த 'இயற்கை வேளாண்மை' நடந்தது. 1950களில் நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது அவன் முதுகு சற்று நிமிர்ந்தது உண்மை. விஞ்ஞானத்தை வரவேற்பதில் நமக்குத் தயக்கமில்லை. அது யார் கையில் வந்து சேர்ந்தது என்பதே வழக்கு.

அது வியாபாரியின் கையில் வந்து சேர்ந்தது. 1964 இல் பிரித்தானிய இரசாயனப் பேரமைப்பான ஐ.சி.ஐ. கொழும்பில் தன் கிளையைத் தொடங்கிற்று. அதுவே பின்னர் சி.ஐ.சி. என்ற பெயரில் இலங்கையின் பெரிய விவசாய நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வலிகாமத்துத் தோட்டங்களில் பணம் விளைந்தது. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் ஏகினர். அதே வேகத்தில் யூரியாவும் பூச்சிமருந்தும் போகத்துக்குப் போகம் கூடின. 1977 இல் திறந்த பொருளாதாரம் என்ற பெயரில் இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டதும் விளைபொருளின் விலை விழுந்தது. உள்ளீட்டின் விலையோ விழவில்லை. அதனை இடும் பழக்கமும் மாறவில்லை. விலை விழுந்த பயிரில் பழைய வருமானத்தைக் காண வேண்டுமாயின் அதே நாலு பரப்பில் இன்னும் கூடுதலாக விளைவிக்க வேண்டும். கூடுதலாக விளைவிக்க இன்னும் ஓர் அந்தர் யூரியா வேண்டும். அளவுமீறிய பசளைக்குக் கமக்காரனின் அறியாமையே காரணமென்று மேடைதோறும் உபதேசிப்போர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. சந்தையே அவனை அந்த மூட்டையிடம் தள்ளிற்று.

அந்த மூட்டையை இனி ஒரு பள்ளி மாணவனின் கண்ணோடு நிறுத்துப் பார்ப்போம். 50 கிலோ யூரியாவில் 46 வீதம் நைதரசன்; ஆக 23 கிலோ. உலகெங்கும் வயலில் இடும் நைதரசனில் ஏறத்தாழப் பாதியையே பயிர் எடுத்துக்கொள்கிறது என்பது விவசாய விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட உண்மை. மீதிப் பாதியில் ஒரு பகுதி காற்றில் கலக்கும். மற்றது நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் நீரோடும் பெய்யும் மழையோடும் கீழே இறங்கும். மீந்த பாதி முழுவதும் அவ்வாறு இறங்குமானால் 11½ கிலோ நைதரசன் 51 கிலோ நைத்திரேற்றாகும். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்படியாயின் ஒரேயொரு மூட்டையின் வீணான பாதி, பத்து இலட்சம் லீற்றர் தூய நீரை அந்த வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்த வல்லது! மூட்டையின் விலைச்சீட்டில் இந்தப் பத்து இலட்சம் லீற்றருக்கு என்ன விலை போடப்பட்டிருக்கிறது?

இது வெறும் கரும்பலகைக் கணக்கென்று தள்ளிவிட முடியாது. 1988 இலேயே நாகராஜா முதலிய ஆய்வாளர்கள் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து, செறிவாகப் பயிர்செய்யும் பகுதிகளில் நைத்திரேற்று மாசு மிகுந்திருப்பதை எழுதினர். அதன் பின்னரும் ஆய்வுக்குமேல் ஆய்வு அதையே கூறியது. கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைத் தாங்கும் ஆற்றலை நைத்திரேற்று குறைக்கும். உடல் நீலம் பாரிக்கும் அந்த நோய்க்கு 'நீலக் குழந்தை நோய்' என்றே பெயர். இதிலே கொடிய முரண் ஒன்றுண்டு. கிருமிக்கு அஞ்சிய தாய் நீரைக் கொதிக்க வைத்தே பால்மா கரைக்கிறாள். கொதித்த நீரில் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு ஏறும். தாயின் கவனமே குழந்தைக்கு எதிராகத் திரும்பும் நிலையை உண்டாக்கியவர் எவரும் எந்த ஆண்டறிக்கையிலும் இதற்குப் பொறுப்பேற்றதில்லை.

சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தபோது மக்கள் வாளியிலே எண்ணெய்ப் படலத்தைக் கண்டனர், மூக்கிலே நாற்றத்தை உணர்ந்தனர், வீதிக்கு இறங்கினர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. மாசுபடுத்தியவனே செலுத்த வேண்டும் என்ற நியாயம் இந்த மண்ணிலேயே நிலைநாட்டப்பட்டது. நைத்திரேற்றுக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அதற்காக எவரும் ஊர்வலம் போகவில்லை. கண்ணுக்குத் தெரிந்த எண்ணெய்க்கு ஒரு நீதி, தெரியாத உப்புக்கு வேறொரு நீதியா?

"நைத்திரேற்றுக்குப் பசளை மட்டுமா காரணம்? வீட்டுக்கு வீடு மலகூடக் குழி கிணற்றை அடுத்தே இருக்கிறதே!" என்று நிறுவனத்தின் வக்கீல் எழுந்து கேட்கலாம். கேள்வியில் உண்மையுண்டு. நெருக்கமாக வீடமைந்த இடங்களில் குழியின் கசிவும் கிணற்றைக் கெடுக்கிறது. அதைத் திருத்துவதும் நம் கடமையே. ஆனால் வீடொன்றும் இல்லாத தோட்டவெளியிலும் கிணற்றுநீர் வரம்பைத் தாண்டுவதற்கு எந்த வீட்டுக் குழியைக் குற்றஞ்சாட்டுவது? இரண்டு திருடர் புகுந்த வீட்டில் ஒருவனைக் காட்டி மற்றவன் தப்பித்தல் நியாயமாகாது.

பசளை கிணற்றைக் கெடுக்கிறதென்றால் மருந்து மனிதனையே கொல்கிறது. பராகுவாற் என்னும் களைநாசினியை ஐ.சி.ஐ. நிறுவனம் 1962 இல் சந்தைக்கு விட்டது. கைமாறிக் கைமாறி அது சுவிற்சர்லாந்தின் சின்ஜென்ராவிடம் வந்தது. சுவிற்சர்லாந்து தன் வயல்களில் அதை 1989 இலேயே தடைசெய்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 இல் கதவடைத்தது. அதன் பின்னரும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டில் அது உற்பத்தியாகிப் பிறநாடுகளுக்குக் கப்பலேறியது. பெற்ற நாட்டில் பயிருக்கு ஆகாத மருந்து நம் நாட்டில் ஆகுமாம்! இலங்கையில் 2008 இல் எடுத்த முடிவின்படி படிப்படியாக அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1995 இல் மொனோகுரோட்டபொஸ், மெதமிடபொஸ் ஆகியனவும் 1998 இல் எண்டோசல்பனும் தடைசெய்யப்பட்டிருந்தன. 1995 இல் ஓர் இலட்சம் மக்களுக்கு 47 பேர் தற்கொலையால் மாண்ட நாடு இது. கொடிய நஞ்சுகள் கைக்கெட்டாமற்போன பின்னர், இருபதாண்டுக்குள் அந்த எண்ணிக்கை மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. அந்தத் தடைகளால் விளைச்சல் குறைந்ததா என்று ஆராய்ந்தவர்கள் 2008 இல் வெளியிட்ட முடிவு, குறையவில்லை என்பதே. தடை விதித்தால் நாடு பட்டினி கிடக்கும் என்று விற்பவர் கூறுவதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மருந்துத் தாங்கியை முதுகிலே சுமப்பவன் யாரென்பதையும் மறக்கலாகாது. பல தோட்டங்களில் அவன் நிலத்துக்குச் சொந்தக்காரனல்லன், நாட்கூலிக்கு வந்தவன். கையுறையும் முகமூடியும் போத்தல் முகப்பின் படத்தில் உண்டு. அவன் கையிலும் முகத்திலும் இல்லை. அன்று துலாவில் ஏறியவனின் பேரன் இன்று தாங்கி சுமக்கிறான். இயந்திரம் மாறியது, சுமப்பவன் மாறவில்லை.

இந்தக் கதையில் யாழ்ப்பாணத்துக்கென்று தனி அத்தியாயம் ஒன்றுண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. வெடிபொருளாகலாம் என்ற காரணத்தால் யூரியா தடைப்பட்டது, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. வலிகாமம் வடக்கின் செம்மண் வளவுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். உயர்பாதுகாப்பு வலயமென வேலியிட்ட அந்த நிலத்தின் ஒரு பகுதி இன்னும் உரியவரிடம் திரும்பவில்லை. எஞ்சிய நிலத்தில் நின்றவர்கள் குழையையும் சாணத்தையும் தேடிப் பயிர் செய்தனர். அதை 'இயற்கை விவசாயம்' என்று புகழ எவருக்கும் வாய் வரவில்லை, அது முற்றுகை. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்ததும் மூட்டைகளும் போத்தல்களும் பெருகி வந்தன. 2006 இல் பாதை மூடியது. 2009 இன் பின்னர் மறுபடி திறந்தது. மறுபடி நிறுவனங்கள் வந்தன. பசளை வந்ததும் போனதும் கமக்காரனைக் கேட்டு நடக்கவில்லை.

2021 இலும் அவனைக் கேட்கவில்லை. பத்தாண்டில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று 2019 தேர்தலில் கூறிய கோட்டாபய ராஜபக்ச அரசு, 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தத் துணிந்தது. மே 6 ஆம் நாள் வர்த்தமானி வெளிவந்தது. தேசத்தின் ஆரோக்கியம் என்றது அரசு. திறைசேரியில் டொலர் வற்றிக்கொண்டிருந்ததையும் உலகம் கண்டது. சேதனப் பசளைக்கென்று சீனாவிலிருந்து வந்த கப்பலின் சரக்கில் தீங்கான பற்றீரியா உண்டென்று கூறி நம் அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். விற்ற நிறுவனம் அதை மறுத்தது. ஈற்றில் ஒரு மூட்டையும் இறங்காமல் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் தடை தளர்ந்தபோது காலம் கடந்திருந்தது. 2022 தொடக்கத்தில் அறிவித்த நட்டஈடு நெற்செய்கையாளருக்கே. வெங்காயமும் மிளகாயும் செய்தவன் அந்தப் பட்டியலில் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. இறைப்பு இயந்திரத்தின் கயிற்றை இழுக்குமுன் தோட்டக்காரன் இருமுறை யோசித்தான்.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். இரசாயனத்தின் தீங்கைப் பேசுவோரெல்லாம் 2021 இன் மடமைக்குத் துணைநிற்போர் என்று இன்று பிரசாரம் நடக்கிறது. "பார்த்தீர்களா, பசளையில்லாவிட்டால் பட்டினி" என்று அந்தத் தோல்வியையே விளம்பரமாக்கிவிட்டார்கள். மண்ணைப் பரிசோதியாமல், மாற்றுப் பசளையை ஆயத்தஞ் செய்யாமல், உழுபவனோடு பேசாமல் அரண்மனையிலிருந்து பிறந்த கட்டளை அது. ஒருவனை ஒரே நாளில் மருந்தை நிறுத்தச் சொல்லி அவன் துடித்தால், அந்த மருந்து நல்லதென்று நிரூபணமாகிவிடுமா?

நம் கமக்காரன் துடித்த அந்த 2022 ஆம் ஆண்டு வேறு சிலருக்கு எத்தகைய ஆண்டு? பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டது. எரிவாயு விலை ஏறிற்று. உலகச் சந்தையில் பசளை விலை வானைத் தொட்டது. கனடாவின் நியூட்ரியன் நிறுவனம் அந்த ஓராண்டில் ஈட்டிய தேறிய இலாபம் 770 கோடி டொலர்; முந்திய ஆண்டிலோ 320 கோடியே. அமெரிக்காவின் மொசைக் ஏறத்தாழ 360 கோடி டொலர். நோர்வேயின் யாரா ஏறத்தாழ 280 கோடி டொலர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென இலங்கை கைவிரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்காண்டுக்குத் தவணை தவணையாகத் தர ஒப்பிய கடன் ஏறத்தாழ 300 கோடி டொலர். அதற்காக வரி ஏறியது, மின்கட்டணம் ஏறியது. ஒரு நாடு முழுவதும் நான்காண்டு வயிற்றைக் கட்டிப் பெறும் தொகையின் இரண்டரை மடங்கை ஒரு பசளை நிறுவனம் ஓராண்டில் இலாபமாக அள்ளியது. உலகுக்குப் பொறுப்போடு உணவூட்டுவதும் புவியைக் காப்பதுமே தமது பணியென்று யாரா பறைசாற்றுகிறது. பஞ்சத்தில் பெருகும் இலாபத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்தால், பதுக்கல் வியாபாரிக்கும் பரோபகாரி என்று பட்டம் சூட்டலாமே!

'நிலைபேறான பொருள்' எப்படிப் பிறக்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம் காண்போம். யூரியாவுக்கு மாற்றாக நனோ யூரியா என்னும் திரவத்தை இந்தியாவின் இவ்கோ அமைப்பு 2021 இல் அறிமுகப்படுத்தியது. தடைக்காலத்தில் நனோ நைதரசன் திரவம் வானூர்தியில் இலங்கைக்கும் வந்து இறங்கியது. 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடாகும் என்பது விளம்பரம். மாணவரே, பென்சிலை எடுங்கள். போத்தலில் நைதரசன் 4 வீதம். ஆக 20 கிராம். மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல். ஆயிரத்திலொரு பங்கு ஆயிரம் பங்குக்கு ஈடாம்! பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தார் வயலிலே பரிசோதித்தபோது நெல்லும் கோதுமையும் விளைச்சலில் குறைந்தன. இத்தனைக்கும் இவ்கோ ஒரு கூட்டுறவு அமைப்பு. கூட்டுறவு என்ற பெயர்ப்பலகையே காப்பாகிவிடாது என்பதையும் நாம் இதிலே கற்க வேண்டும். பொருளைச் செய்பவனே அதன் நற்சான்றிதழையும் எழுதினால், பச்சை மையால் எழுதினாலும் அது விளம்பரமே.

ஊரிலும் இதே கதைதான். இலையில் புள்ளி விழுந்தால் கமக்காரன் அந்த இலையைப் பிடுங்கிக்கொண்டு எங்கே ஓடுகிறான்? மருந்துக் கடைக்கு. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பல ஊர்களைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது. கடையோ சந்தியிலே திறந்திருக்கிறது, கடனும் தருகிறது. நோயைக் கண்டறிபவரும் மருந்தெழுதுபவரும் மருந்து விற்பவரும் கடன் கொடுப்பவரும் ஒருவரே. கடைக்காரர் தீயவர் என்று நாம் கூறவில்லை. விற்றால்தான் அவர் அடுப்பும் எரியும். 'இப்போது மருந்து தேவையில்லை, பொறுத்திருங்கள்' என்று சொல்வதற்கு அவருக்கு எவரும் சம்பளம் கொடுப்பதில்லை என்பதே குறை. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அங்கே நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டும் வழக்கம் காத்திருக்கும். வாங்கும்போது அவர்கள் சொன்ன விலை. விற்கும்போதும் அவர்கள் சொன்ன விலை. இரண்டுக்கும் நடுவே நிற்பவனைப் பார்த்து 'நிலைபேறாக இரு' என்று உபதேசம்!

கிணறு கெட்டதன் செலவை ஒருவரும் கட்டவில்லையா? கட்டுகிறோம்; நாமே கட்டுகிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு நடந்த பெருந்திட்டத்தின் பகுதி அது. குடிநீர் வருவதை நாம் வெறுக்கவில்லை. உவர் ஏறிய ஊர்களுக்கு அது வேண்டியதே. ஆனால் காலடியில் இயற்கை இலவசமாய்ச் சேமித்துத் தந்த நீரைக் கெடுத்துவிட்டு, கடலை வடித்துக் குடிப்பதற்குக் கடன்படும் நிலையைக் கணக்கிலே எழுதும்போது, அந்தச் செலவின் ஒரு பங்கு மூட்டை விற்றவனின் ஏட்டிலும் ஏற வேண்டாமா? இலாபம் தனியாருக்கு, நட்டம் பொதுமக்களுக்கு என்ற பழைய சூத்திரம் இங்கே தண்ணீரால் எழுதப்பட்டிருக்கிறது.

வேறு வழியில்லை என்பார்க்குக் கியூபாவைக் காட்டலாம். சோவியத் ஒன்றியம் 1991 இல் சிதறியபோது பசளையும் எரிபொருளும் ஒரேயடியாக அந்நாட்டுக்கு நின்றன. 1993 இல் அரசின் பெரும்பண்ணைகளைக் கூட்டுறவு அலகுகளாகப் பிரித்து உழுபவரிடம் ஒப்படைத்தனர். பூச்சியைத் தின்னும் பூச்சியையும் நுண்ணுயிரையும் ஊருக்கு ஊர் சிறு நிலையங்களில் வளர்த்தனர். நகரத்து வெற்று நிலத்திலும் கீரை விளைந்தது. அதனால் கியூபா முழுத் தன்னிறைவு கண்டுவிட்டது என்று நாம் பொய்யுரைக்க வேண்டியதில்லை. இன்றும் அது உணவை இறக்குமதி செய்கிறது. கற்க வேண்டியது ஒன்று: நெருக்கடியிலே அங்கே விஞ்ஞானி வயலுக்கு அனுப்பப்பட்டான்; இங்கே வர்த்தமானி அனுப்பப்பட்டது.

நமக்கும் மரபு இல்லாமலில்லை. யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவாளர் ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. புகையிலையைக் கூட்டாக விற்றுத் தரகனை மடக்கிய நாடு இது. விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி வீட்டு வளையில் தூக்கி, அடுத்த போகத்துக்கு எவனிடமும் கையேந்தாமல் நடும் அறிவு நம் தாய்மாரிடம் இன்னும் இருக்கிறது. கிளிநொச்சியில் விவசாய பீடம் இருக்கிறது. திருநெல்வேலியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றை இணைக்கும் கரமே இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் சிலவே, அவை எளியவை. குடாநாட்டுக் கிணறுகளின் நீரை ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், அரசு பரிசோதித்து ஊர்வாரியாக முடிவை வெளியிட வேண்டும். விற்கும் நைதரசனின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிறுவனத்திடமிருந்து நீர்க்காப்புத் தீர்வை அறவிட வேண்டும். அது மூட்டை விலையில் ஏறிக் கமக்காரன் தலையில் விழாதபடி விலைக்கட்டுப்பாடும் வேண்டும். மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளை என்பது நடைமுறையாக, கமநல சேவை நிலையந்தோறும் இலவசப் பரிசோதனை வேண்டும். விற்பனைக்குச் சம்பந்தமில்லாத போதனாசிரியர் தொகை பெருக வேண்டும். சந்தையின் 'கழிவு' ஒழிய வேண்டும். சேதனப் பசளைக்கு மாற விரும்பும் தோட்டக்காரனுக்கு, விளைச்சல் குறையும் முதலாண்டுகளில் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். பசுமை என்று பெயர் சூட்டிய எந்தப் பொருளும் பொது ஆய்வுகூடத்தின் வயற்பரிசோதனை இன்றிச் சந்தைக்கு வரலாகாது.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஏட்டை வாசிக்கும் ஆசிரியரும் மாணவரும் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. உயர்தர இரசாயனவியல் கற்பிக்கும் பாடசாலைகளில் ஆய்வுகூடம் இருக்கிறது. நைத்திரேற்றை அளப்பது அரிய வித்தையன்று. நிறமாற்றத்தைக் கொண்டு மதிப்பிடும் எளிய முறைகள் உண்டு. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் நீர் கொண்டுவரட்டும். எந்த ஒழுங்கை, எந்தப் பயிர், எத்தனை மூட்டை, எவ்வளவு நைத்திரேற்று என்று ஒரு கிணற்றேடு எழுதப்படட்டும். ஐயத்துக்குரிய முடிவுகளைப் பல்கலைக்கழகம் மறுபரிசோதனை செய்யட்டும். அந்த ஏட்டை வாசிகசாலைச் சுவரிலே, சனசமூக நிலையத்திலே, எல்லார் கண்ணிலும் படத் தொங்கவிடுங்கள். குழந்தையுள்ள வீட்டுக்கு முதலில் போய்ச் சொல்லுங்கள். குடத்தை இறக்கவிடாமல் எவரையும் தடுத்த கிணறு முன்பு இருந்ததென்றால், அந்தக் கிணற்றின் கணக்கை எழுதும் கையில் அவர்களுடைய பிள்ளையின் கையும் இருக்கட்டும்.

அடுத்த ஆண்டும் அந்த வழவழப்பான அறிக்கை வரும். அட்டையிலே கமக்காரன் சிரிப்பான். அன்று அதன் பக்கத்திலே நம் கிணற்றேட்டையும் விரித்து வைப்போம். வளர்ச்சி யாருடையது, நட்டம் யாருடையது என்பதை இரண்டையும் ஒருசேர வாசிக்கத் தெரிந்த மக்கள் தீர்ப்பளிக்கட்டும்.